படிக்கட்டு வந்து சேரும்வரை

இயக்குநர் ஆர்ச்சர் ப்ளண்டெல், அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டி உடைத்துக்கொண்டே, இரண்டாம் அங்கத்தின் நடனம் அன்று முதல் கிடையாது என்று அறிவித்தார். இலையுதிர்காலம் முழுவதும் தன் முழங்கால்களையும் ஆட்டக்காரர்களின் முழங்கால்களையும் தேய்த்து நடன அமைப்பாளர் வில்மா ஹூடாக் உருவாக்கியிருந்த ரயில் நிலையக் கனவு நடனம், ஃபிலடெல்ஃபியாவின் ஒரு விடுதி உணவறையில், உப்புக் குப்பிக்கும் வெண்ணெய்த் தட்டுக்கும் நடுவே உயிரை விட்டது. பரிமாறுபவர் வந்து, மேசையில் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

காரணம் ஒரு படிக்கட்டு. நாடகத்தின் கடைசிப் பாட்டை நாயகி கான்ஸ்டன்ஸ் மெரோ அதில் இறங்கியவாறு பாடுவதென்பது இயக்குநரின் கனவு. இயக்குநரின் கனவை யார் வெட்டுவார்? யானையின் எடையுள்ள அந்தப் படிக்கட்டைப் பின்னாலிருந்து இழுத்துவர மேடை முழுவதும் வேண்டியிருந்தது. அது வரும்வரை முன்திரை மூடியிருக்கும். திரைக்கும் வாத்தியக் குழுவின் பள்ளத்துக்கும் இடையில், ஒருவர் காலை நீட்டிப் படுத்தால் முடிந்துபோகிற அகலத்தில், ஒரு துண்டு இடம் மிஞ்சும். அந்தத் துண்டைத்தான் ஆர்ச்சர், முட்டையோடு சேர்த்து, வில்மாவுக்குப் பரிமாறினார்.

"டார்லிங், திரைக்கு முன்னால ஏதாவது பண்ணு. படிக்கட்டு வர்ற வரைக்கும் ஜனங்க இருமாம இருக்கணும். அவ்வளவுதான்."

"வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது படிக்கட்டோட இஷ்டம்."

ஒரு கலைஞரிடம் அவருடைய கலையைப் பற்றி இப்படியும் ஒரு விண்ணப்பம் வைக்கலாம் என்பதையே வில்மா அன்றுதான் அறிந்தாள். அவளுக்குத் தொண்டை வரை வந்த சொற்கள் எவையும் உணவறைக்கு ஏற்றவையாக இல்லை. ஆகவே காபியைக் குடித்தாள். ஆர்ச்சர் இன்னொன்றையும் சொன்னார். வியாழக்கிழமை லயனல் ஸ்ட்ராட் நியூயார்க்கிலிருந்து வருகிறாராம். சும்மா பார்த்துவிட்டுப் போக.

இந்தத் தொழிலில் யாரும் எதையும் சும்மா பார்க்க ரயிலேறுவதில்லை. அரங்கேற்றத்துக்கு முன் வெளியூரில் ஆடிப்பார்க்கும்போது தடுமாறுகிற நாடகத்துக்கு நியூயார்க்கிலிருந்து ஒருவர் வந்து பின்வரிசையில் அமர்கிறார் என்றால், மறுநாள் காலை பழைய நடன அமைப்பாளரின் பெட்டி விடுதி வாசலில் நிற்கும். சுவரொட்டியில் அவர் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் ஈரம் காயாமல் ஒட்டியிருக்கும். ஸ்ட்ராட் கெட்டவர் அல்லர், நடனம் அமைப்பதில் நல்ல கைகாரர். அதுதான் வில்மாவை இன்னும் அச்சுறுத்தியது. வியாழக்கிழமைக்குள் அந்தத் துண்டு இடத்தில் ஒரு நடனம் உயிரோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நியூயார்க்கில் திரை உயரும்போது அவள் அங்கே இருக்கமாட்டாள். முப்பத்தெட்டு வயதில் ஒருமுறை அவ்வாறு இறக்கிவிடப்பட்டவளை யாரும் மறுபடி ஏற்றிக்கொள்வதில்லை.

மேடையைத் தச்சர்கள் பிடித்துக்கொண்டிருந்தமையால், ஆட்டக்காரர்கள் அரங்கின் அடித்தளத்து நடைபாதைக்குத் துரத்தப்பட்டார்கள். ஒருபுறம் வெந்நீர்க் குழாய்கள், மறுபுறம் உடைக்கூடைகள். நடைபாதையின் வாயிலில் ஒரு பழைய பியானோவைத் தள்ளிவைத்து, மோ கெஸ்லர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசித்தார். அங்கே வில்மா அவசர அவசரமாக ஒரு நடனத்தைத் தைத்தாள். அதற்குத் தொடக்கம் இருந்தது, துரத்தல் இருந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் கைவிரித்து நிற்கும் அழகான முடிவும் இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவு படிக்கட்டு முன்கூட்டியே வந்து சேர்ந்தது. துரத்தல் பாதியில் நிற்க, திரை உயர்ந்து, துரத்தியவனை நடுவழியில் விட்டுவிட்டது. புதன்கிழமை பகற்காட்சியில் படிக்கட்டு வரவேயில்லை. ஆட்டக்காரர்கள் கைவிரித்து நின்றார்கள், நின்றார்கள், சிரித்த உதடுகள் பல்லில் ஒட்டிக்கொள்ளும்வரை நின்றார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவர் இருமினார். அதற்காகவே காத்திருந்ததைப் போல அரங்கம் முழுவதும் இருமத் தொடங்கியது.

வில்மாவின் உதவியாளனும் ஆட்டக்காரனுமான நெஸ்டர் கீலெஸ், கிழக்கு ஹார்லெமில் பிறந்த போர்ட்டோரிக்கோக்காரன். அவளோடு ஐந்து நாடகங்களில் வேர்வை சிந்தியவன். ஆகையால் அவளிடம் எதையும் சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. பகற்காட்சி முடிந்து எல்லாரும் நடைபாதையில் சுவரோரமாகச் சரிந்திருந்தபோது, தனக்குக் காசநோய் ஆஸ்பத்திரியில் ஆடியதைப் போல இருந்ததாக அவன் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. காபி வாங்கப் போன ஆட்டக்காரி இன்னும் திரும்பவில்லை. வில்மா குழாய்களுக்கு அருகில் சுவரைப் பார்த்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு காத்திருந்தாள்.

"வில்மா, இப்ப என்ன பண்ணுன?"

"காபிக்குக் காத்துக்கிட்டு நிக்கிறேன்."

"இல்ல. அந்த மணிக்கட்டு. அப்புறம் தோளு ஒண்ணு போச்சே. திரும்பப் பண்ணு."

"அது ஒண்ணுமில்ல நெஸ்டர். கெட்ட பழக்கம்."

"அந்தக் கெட்ட பழக்கத்த எங்களுக்கும் கத்துக்குடு."

அவள் முகம் சிவந்தது. அந்த அசைவு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தான் ஒரு ரஷ்ய அம்மையாரிடம் பயின்றதாகப் பத்திரிகைக்காரர்களிடம் அவள் சொல்லியிருந்தாள். அப்படி ஓர் அம்மையார் எங்கும் இருந்ததில்லை. ஸ்க்ரான்டனில், நிலக்கரிச் சுரங்கத்து ஊரில், படச்சுருள் அடிக்கடி அறுந்துபோகிற ஒரு கொட்டகை இருந்தது. சுருளை ஒட்டும்வரை ஜனங்கள் நாற்காலியை உடைக்காமல் இருக்க, வெண்திரைக்கு முன்னாலிருந்த ஒட்டுத் திண்டில் சிறுமி வில்மாவை ஏற்றிவிடுவார்கள். கையை நீட்டினால் திரை கிழியும். காலை வீசினால் கீழே பியானோக்காரரின் மண்டை. ஆகவே முழங்கையை விலாவோடு வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, மணிக்கட்டையும் தோளையும் கழுத்தையும் வைத்தே அவள் பிழைத்தாள். படம் எப்போது திரும்பும் என்று இயந்திரக்காரருக்கே தெரியாது. விளக்கு அணைகிற கணத்தில் அவள் குதித்து ஓட வேண்டும். அங்கிருந்து தப்பித்து, அகன்ற மேடைகளுக்கு வந்து, கைகளை முழுவதும் நீட்டி ஆடுகிற நடனங்களை அமைப்பதற்காகவே அவள் தன் வாழ்நாளைச் செலவிட்டிருந்தாள். இப்போது அதே திண்டு அவளைத் தேடி ஃபிலடெல்ஃபியா வரை வந்துவிட்டது.

இதையெல்லாம் அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

"ரஷ்யாக்காரின்னு பேப்பர்ல படிச்சேனே?" என்றான் நெஸ்டர்.

"அறுந்த படம்தான் என்னை வளர்த்துச்சு."

"ரஷ்யாக்காரிய விட எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. எந்திரிங்கப்பா எல்லாரும். சுவத்தப் பாத்துத் திரும்புங்க."

அதன் பிறகு நடந்ததை வில்மா பல ஆண்டுகள் கழித்தும் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்ததில்லை. வெட்டுப்பட்ட கனவு நடனத்தின் மிச்சமாக, உடைக்கூடைகளுக்குப் பின்னால் பயணப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆளுக்கொரு பெட்டியைக் கொடுத்து, அவர்களை ஒரே வரிசையில், பார்வையாளர்களுக்குப் பக்கத்தை மட்டும் காட்டி நிறுத்தினாள். எப்போது வரும் என்று தெரியாத ரயிலுக்காகக் காத்திருப்பவர்கள். வேறு கதை எதுவும் வேண்டாம். மோவிடம் நான்கே தாளச்சுற்று நீளமுள்ள இசைத்துண்டு ஒன்றைக் கேட்டாள். முடியாத துண்டு, முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்குகிற துண்டு. மோ தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடக்கையால் ஒன்றைப் பிடித்தார். அது கிடைத்த கணத்தில் நடைபாதை முழுவதும் தோள்கள் தாமாகவே நிமிர்ந்தன.

முதல் சுற்றில் ஒருத்தியின் மணிக்கட்டு மட்டும், கடிகாரம் பார்ப்பதைப் போல, ஒரு துடிப்பு. மறு சுற்றில் அது அடுத்தவனின் தோளுக்குத் தொற்றும். அங்கிருந்து கழுத்து, அங்கிருந்து இடுப்பு, அங்கிருந்து ஒரு பெட்டி ஒரு கையிலிருந்து மறுகைக்கு. கொட்டாவி பரவுவதைப் போல வரிசையின் கோடிக்குப் போய், பெரிதாகித் திரும்பி வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட ஒரு மயிரிழை கூடுதல். கையை வீசியவர்களை எல்லாம் வில்மா அதட்டினாள்.

"கை வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். வெளிய போனா ரயில் அடிச்சிரும்."

இந்த நடனத்துக்கு முடிவு கிடையாது. அதுதான் அதன் அறிவு. படிக்கட்டு வந்து சேர்ந்ததும் அதைத் தரையோடு பிணைக்க, நாடகக் குழுவின் தலைமைத் தச்சர் கஸ் மக்கெல்வி மரச்சுத்தியலால் மூன்று முளைகளை அடிப்பார். முதல் அடி கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருபுறமும் ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்க்ரான்டன் முறை.

அன்றிரவு அதை ஆடினார்கள். படிக்கட்டு பாதி வழியில் நின்றுவிட்டது. திரைக்குப் பின்னால் சங்கிலிகள் முனகின. யாரோ யாருடைய தாயையோ ஏசினார். திரைக்கு முன்னால் மணிக்கட்டு தோளாகி, தோள் இடுப்பாகி, வரிசை முழுவதும் ஒரே உடம்பாக, உலைமூடி போலத் துடித்தது. ஒருவரும் இருமவில்லை. ஐந்தாம் வரிசையில் ஒரு பருத்த மனிதர் தம்மையறியாமல் தோளைக் குலுக்குவதை வில்மா அரங்கின் பின்வரிசையிலிருந்து பார்த்தாள். அடி கேட்டு ஆட்டக்காரர்கள் ஓடியபோது, கூட்டத்திலிருந்து எழுந்தது கைதட்டல்கூட அல்ல, கையிலிருந்தது பிடுங்கப்பட்டவர்களின் கூச்சல். மேடைக்குப் பின்னால் அவள் ஓடிவந்தபோது, இடைவேளைகளில் சீட்டு விளையாடுவதைத் தவிர வேறெதற்கும் தலைநிமிராத மேடைத் தொழிலாளர்கள், திரையின் இடுக்கில் ஒருவர் மேல் ஒருவராகச் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, அந்த ரயிலு கடைசியில வந்துச்சா இல்லையா?" என்று மக்கெல்வி கேட்டார்.

"வரல. அதுக்குள்ள நீங்க அடிச்சிட்டீங்க."

அவர் சுத்தியலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் புதிய இழுவை இயந்திரம் வந்து இறங்கியது. பிற்பகலுக்குள் படிக்கட்டு வெண்ணெயில் கத்தியாக வழுக்கிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. ஆர்ச்சர் அதைப் பலமுறை இழுக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் தாமே பெற்றெடுத்ததைப் போலப் பூரித்தார். வில்மாவின் தோளில் கைபோட்டு, ஓட்டை அடைபட்டுவிட்டது என்றும், இனி ஒட்டுத்துணி தேவையில்லை என்றும், இன்றொரு நாள் ஆட்டக்காரர்கள் வேண்டுமானால் திரைக்கு முன்னால் சற்று நிற்கலாம் என்றும் கூறினார். முந்தின இரவு அந்தக் கூச்சலை அவர் கேட்கவில்லையா என்று அவள் கேட்டாள். கேட்டாராம். படிக்கட்டு தாமதமானதால் ஜனங்கள் பொறுமையிழந்து கத்தியதாக அவர் விளங்கிக்கொண்டிருந்தார்! கண்ணும் காதும் வாய்த்த ஒரு மனிதர் அவ்விரண்டையும் இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்த முடியும் என்பது வியப்புக்குரியது.

நடனம் முதல் துடிப்பைத் தாண்டுவதற்குள் சுத்தியல் விழும். ஸ்ட்ராட் வந்து பார்க்கப்போவது பெட்டியோடு நிற்கும் சிலரையும், அவர்கள் ஓடுவதையும் மட்டுமே. வில்மா ஆட்டக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். நெஸ்டர் சற்று யோசித்துவிட்டு, ஒரு துடிப்புதான் கிடைக்கும் என்றால் அந்த ஒரு துடிப்பை ஆடலாம் என்றான்.

இரவு, இரண்டாம் அங்கம். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற வில்மாவுக்கு, ஒட்டகநிற மேலங்கியோடு அமர்ந்திருந்த ஸ்ட்ராடின் நரைத்த பிடரி தெரிந்தது. முன்திரை விழுந்தது. பள்ளத்திலிருந்து மோவின் துண்டு கிளம்பியது. ஒரு மணிக்கட்டு துடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலுக்காகக் காத்திருந்தாள்.

அடி விழவில்லை.

தோள். கழுத்து. கண்ணைத் திறந்தாள். பெட்டி கைமாறியது. அலை வரிசையின் கோடிக்குப் போய்ப் பெரிதாகித் திரும்பியது. இயந்திரம் பழுதா? யாருக்காவது அடிபட்டுவிட்டதா? அவள் பக்கவாட்டு வழியாக ஓடி, இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய் விழுந்தாள்.

படிக்கட்டு தன் இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதன் உச்சிப்படியில் கான்ஸ்டன்ஸ் மெரோ, காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். தொழிலாளர்கள் எல்லாரும் திரையின் இடுக்கில் இருந்தார்கள். மக்கெல்வி சுத்தியலைத் தோளில் சாத்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அடிக்கல?" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"முளையத் தேடிக்கிட்டு இருக்கோம்மா."

மூன்று முளைகளும் அவருடைய இடுப்பு வாரில் வரிசையாகச் செருகியிருந்தன.

"தேடினது போதும். குடுங்க."

"இப்பவா? இப்பத்தான நல்லா வருது."

அவளும் இடுக்கில் கண் வைத்தாள். நன்றாகத்தான் வந்தது, அதனால்தான் அச்சமாக இருந்தது. கொதிக்கிற பாலைப் போல அது விளிம்புவரை வந்திருந்தது. இன்னும் இரண்டு சுற்று போனால் பொங்கி வழிந்துவிடும், பிறகு அடங்கும், அடங்கினால் இருமல். ஸ்க்ரான்டனில் முடிவு அவள் கையில் இருந்ததில்லை. எவனோ ஒருவன் விளக்கை அணைப்பான், அவள் ஓடுவாள். முடியாத நடனத்துக்கு இன்று அவளே முடிவு தர வேண்டும். அதுவும் திரைக்கு இந்தப்புறம் நின்று, ஆட்டக்காரர்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல். சுத்தியலை வாங்கிக்கொண்டாள். மக்கெல்வி முதல் முளையைத் துளையில் நிறுத்திப் பிடித்தார்.

அலை கோடிக்குப் போய்த் திரும்பிய கணத்தில் ஓங்கி அடித்தாள்.

திரைக்கு அப்பால் பெட்டிகள் மேலெழுந்தன. ஓடுவதற்காக எல்லா முழங்கால்களும் மடிந்தன. மக்கெல்வியின் அடிகள் எப்போதும் கடிகாரத்தைப் போலச் சீராக வருபவை. அடுத்தது உடனே வந்திருக்க வேண்டும். வில்மா அதைப் பிடித்து வைத்திருந்தாள். தாளம் தட்டும்போது இரண்டாம் அடியை ஓர் இமைப்பொழுது தாமதித்துப் போடுவது அவள் வழக்கம். ஒத்திகைகளில் அந்தத் தாமதத்தைப் பிடிக்கத் தவறி அவளிடம் திட்டு வாங்காத ஆட்டக்காரர் எவரும் இல்லை. அந்தத் தாமதத்தைக் கேட்டதும் நெஸ்டரின் முதுகு விறைத்ததை அவள் இடுக்கு வழியாகக் கண்டாள். அவன் ஓடவில்லை. அவன் ஓடாததால் வேறு எவரும் ஓடவில்லை. சுத்தியலை யார் பிடித்திருக்கிறார் என்று வரிசை முழுவதுக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டாம் அடி விழுந்தபோது, அத்தனை பெட்டிகளும் அதே அடியில் தரையில் இறங்கின. அந்த ஒற்றை ஓசையில் பியானோவும் பிடில்களும் நின்றுபோயின. வில்மா சுத்தியலை உயர்த்தியபடி, தன்னால் தாங்க முடிந்தவரை தாங்கிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் அடி. நடனம் முழுவதும் பக்கத்தை மட்டுமே காட்டி நின்றவர்கள், முதன்முறையாக, ஒரே சொடுக்கில் முகத்தை அரங்கத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். ரயில் வந்துவிட்டது; பார்க்க வந்தவர்களே அந்த ரயில்.

எழுந்த முழக்கத்தில் திரையே உப்பியது. முளை அடித்தாயிற்று என்றால் திரையை உயர்த்த வேண்டும் என்பது மட்டும் தெரிந்த கயிற்றுக்காரர், தம் கடமையைச் செய்தார். கான்ஸ்டன்ஸ் மெரோவின் மகத்தான படிக்கட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குத் தரிசனம் தந்தபோது, அதன் அடியில் கசங்கிய கம்பளிச் சட்டையோடும் கையில் மரச்சுத்தியலோடும் ஒரு பெண் நின்றிருந்தாள். ஜனங்கள் அதையும் நாடகத்தின் பகுதியாகவே கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். மக்கெல்வி வெளியே வந்து, மூட்டையைத் தூக்குவதைப் போல அவளை இடுப்பில் பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

நாடகம் முடிந்தும் அவள் உடைக்கூடைமேல் உட்கார்ந்தே இருந்தாள். ஸ்ட்ராடும் ஆர்ச்சரும் எங்கோ பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அப்போது நெஸ்டர் வந்து, அவள் கையைப் பிடித்து, மேடைவாசலுக்கு இழுத்துப் போனான். வெளியே சந்தில் இலேசாகப் பனி பெய்துகொண்டிருந்தது. செங்கற்சுவரை ஒட்டி, ஒட்டகநிற மேலங்கியோடு, பக்கவாட்டில் திரும்பி நின்று லயனல் ஸ்ட்ராட் மணிக்கட்டைத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்டக்காரர்கள். எதிரே, வாய் சற்றுத் திறந்தவராக, ஆர்ச்சர்.

"கை வெளிய போகுது சார்," என்றான் நெஸ்டர். "வீட்டுக்குள்ள வைங்க. ரயில் அடிச்சிரும்."

ஸ்ட்ராட் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மறுபடி முயன்றார். பிறகு வில்மாவைக் கண்டு, அது தோளுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆர்ச்சரைப் பார்த்தார்.

"பத்தரை மணி ரயிலுக்குப் போறேன். எனக்கு இங்க வேலை இல்ல. இத வெட்டணும்னு சொன்னது யாரு, நீயா?"

"நானா? இது என்னோட யோசனையாச்சே," என்றார் ஆர்ச்சர். "திரைக்கு முன்னால ஏதாவது பண்ணுன்னு நான்தான் சொன்னேன். கேட்டுப் பாருங்க."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. பின்னாளில் பத்திரிகைகளிடமும் அதையே அவர் சொன்னார். பத்திரிகைகளும் அதையே அச்சிட்டன. நியூயார்க் சுவரொட்டியில் ப்ளண்டெலின் பெயரை வீதியின் மறுபக்கத்திலிருந்து படிக்க முடிந்தது. வில்மா ஹூடாக்கின் பெயரைப் படிக்க வேண்டுமானால், பொய்ம்முடி செய்தவரின் பெயருக்குக் கீழே மூக்கை ஒட்டிவைத்துத் தேட வேண்டியிருந்தது. ஆயினும் அடுத்த பருவத்தில் அந்நகரத்தின் பயிற்சிக்கூடங்களுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு, யார் பெயர் பெரியது என்பதில் ஐயம் இருந்திருக்காது. எங்கு பார்த்தாலும் முழங்கைகள் விலாவோடு இருந்தன.

ஆனால் அது பிறகு. நியூயார்க்கில் முதல் இரவு, இரண்டாம் அங்கத்தில் முன்திரை விழுந்ததும், வில்மா படிக்கட்டுக்கு அருகில் ஓடிவந்தாள். விமர்சகர்கள் எல்லாரும் திரைக்கு அந்தப்புறம் அமர்ந்திருந்தார்கள். வழக்கம்போலச் சுத்தியலைக் கையில் எடுத்தாள். மோவின் துண்டு ஓடியது. தோள்களின் உரசல் கேட்டது. அலை போய்த் திரும்பியது. அவள் சுத்தியலை மக்கெல்வியிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்களே அடிங்க."

"எப்பன்னு?"

"உங்களுக்கே தெரியும்."

மக்கெல்வி இடுக்கில் ஒரு கண்ணை வைத்து, உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார். அடித்தார். பிறகு அவர், முப்பது ஆண்டுகளாகக் கடிகாரம் போல முளை அடித்தவர், சுத்தியலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, இரண்டாம் அடியை ஓர் இமைப்பொழுது தாமதித்தார்.